துறைமுகக் காவலும் அடையாளமும்

காவல் என்பது கதவை அடைத்து வைப்பது மட்டுமன்று. வருவதையும் போவதையும் அறிந்துகொள்வதாகும். அடைத்த கதவு உரியவரையும் அயலவரையும் ஒருங்கே தடுக்கும். துறைமுகமும் நூலகமும் ஆய்வுகூடமும் களஞ்சியமும் அடைத்து வைப்பதற்கென்று அமைந்தவை அல்ல. மக்களும் பொருள்களும் இடைவிடாது வந்துபோகும் இத்தகைய இடங்களிலேதான் காவல் கடினமாகின்றது. அங்கே காவலர் மூன்று வினாக்களுக்கு விடை காணவேண்டியவர் ஆகின்றனர். எங்கே நின்று நோக்குவது? வருவது உரியதா, அயலானதா? அறிந்த செய்தியை எவருக்கு, எவ்வளவு விரைவில் சேர்ப்பிப்பது?

இக்காலத்தில் கட்டடங்களின் வாயில்களிலே வானொலி அடையாளச் சீட்டுகளை வாசிக்கும் கருவிகளைப் பொருத்துவோரும் இவ்வினாக்களையே எதிர்நோக்குகின்றனர். கருவி புதிது, வினாக்கள் பழையன. அவற்றின் வரலாற்றை அறிய விரும்புவோர்க்குத் திருகோணமலையினும் சிறந்த களம் கிடைப்பது அரிது. நூற்றாண்டுக் கணக்காக இவ்வினாக்களுக்கு விடை தேடிய நகரம் அது.

ஈழத்தின் கிழக்குக் கரையிலே கொட்டியாரக் குடாவின் வடபால் அமைந்த இத்துறைமுகம், ஆழத்தாலும் அடக்கத்தாலும் புகழ்பெற்றது. குன்றுகள் சூழ்ந்த உள்துறைமுகத்தில் நங்கூரமிட்ட கப்பல்களுக்குப் பருவக்காற்றின் சீற்றம் எட்டுவதில்லை. ஆயின், காற்றைத் தடுக்கும் குன்றுகள் கண்ணையும் தடுப்பன. உள்ளே இருப்பவருக்கு வெளிக்கடல் தோன்றாது. ஆதலின் இத்துறையைக் காக்க முனைந்தோர் எல்லோரும் முதலில் உயர்ந்த இடத்தையே நாடினர்.

இதற்குரிய காரணம் எளிய கணிதத்துள் அடங்கும். கடற்கரை மணலில் நிற்பவரின் கண்ணுக்கு அடிவானம் ஏறத்தாழ மூன்று மைலுக்குள் முடிந்துவிடும். நானூறு அடி உயரத்தில் நிற்பவருக்கோ அஃது இருபத்துநான்கு மைல் அளவுக்கு விரியும். பூமியின் வளைவு மாறாதிருக்க, நோக்குவோர் நிற்கும் இடம் ஒன்றே காட்சியைப் பெருக்குகின்றது. கூரிய கண்ணைத் தேடுவதினும் தக்க இடத்தைத் தேடுவது சிறந்தது என்பது காவற்கலையின் முதற் பாடம்.

1624ஆம் ஆண்டளவிலே போர்த்துக்கேயர் கோணேசர் ஆலயத்தை இடித்து, அதன் கற்களைக்கொண்டு அக்குன்றின் அடிவாரத்திலே கோட்டை எழுப்பினர். 1639இல் ஒல்லாந்தர் அதனைக் கைப்பற்றினர். காலப்போக்கில் அவர்கள் உள்துறைமுக வாயிலை நோக்கும் மேட்டிலே ஒஸ்டன்பேர்க் என்னும் மற்றொரு கோட்டையையும் அமைத்தனர். ஒன்று வெளிக்கடலை நோக்கியது. மற்றொன்று நுழைவாயிலைக் காத்தது. புறத்தே ஒரு காவலும் அகத்தே ஒரு காவலும் வைத்த இவ்வமைப்பு ஆழ்ந்து நோக்கத்தக்கது. புறக்காவலைக் கடந்து அகக்காவலை அணுகும் கப்பல் உள்ளே வருகின்றது; அகக்காவலைக் கடந்து புறக்காவலை அணுகுவது வெளியே செல்கின்றது. ஒரே காவலிடத்தைக் கொண்டு இருப்பை அறியலாம்; திசையை ஐயமற அறிவதற்கு இரண்டு வேண்டும்.

இனி, இரண்டாம் வினாவாகிய அடையாளத்துக்கு வருவோம். பாய்க்கப்பற் காலத்தில் கொடியே அடையாளம். 1782ஆம் ஆண்டு சனவரியிலே அட்மிரல் எட்வேட் கியூஸ் தலைமையில் வந்த ஆங்கிலேயர் திருகோணமலையை ஒல்லாந்தரிடமிருந்து பறித்தனர். அவ்வாண்டு ஆகஸ்டு மாத இறுதியிலே பிரெஞ்சுக் கடற்படைத் தலைவர் சஃப்ரன் அதனைத் தம் வசமாக்கிக் கொண்டார். கோட்டைகளுக்குத் துணைசெய்யச் சென்னையிலிருந்து விரைந்துவந்த கியூஸ், செப்டம்பர் தொடக்கத்தில் இத்துறையை அணுகியபோது, அங்கே பறந்தது பிரெஞ்சுக் கொடி. செய்தி வந்து சேருமுன்னர் கோட்டை கைமாறிவிட்டது. செப்டம்பர் 3ஆம் நாள் இரு கடற்படைகளும் துறைமுகத்துக்கு வெளியே பொருதன. கொடி கண்ணுக்குப் புலப்படும் தூரத்தை அடைந்த பின்னரே உண்மை தெரிந்தது என்பது இங்கே கருதத்தக்கது. அடையாளம் இருப்பது மட்டும் போதாது. அதனைத் தக்க தொலைவிலிருந்து படிக்கவும் இயலவேண்டும். சமாதான உடன்படிக்கையின்படி மீண்டும் ஒல்லாந்தரிடம் சென்ற கோட்டை, 1795இல் பிரித்தானியர் வசமாகி, 1803இல் பிரெடரிக் கோட்டை எனப் பெயர்பெற்றது.

பிரித்தானியக் கடற்படை கப்பல்களைக் காப்பதோடு தன் பொருள்களைக் காப்பதிலும் கருத்துச் செலுத்தியது. கயிறு, பாய்த்துணி, செம்பு, ஆணி முதலியன கப்பற்பட்டறைகளிலிருந்து களவாடப்படுவது அக்கடற்படையின் நெடுநாட் கவலை. இதனைத் தடுக்க அரசாங்கப் பொருள்கள் மீது அகன்ற அம்புக்குறி ஒன்று பொறிக்கப்பட்டது. 1698ஆம் ஆண்டின் சட்டம், அக்குறியிட்ட பொருளை உரிமையின்றி வைத்திருப்பதைக் குற்றமாக்கியது. கயிற்றிலே குறி பொறிக்க இயலாமையால், அதன் புரிகளுக்கிடையே நிறமூட்டிய நூலொன்றை வைத்து முறுக்கினர். கயிற்றை எங்கே வெட்டினும் அந்நூல் தோன்றிக் களவைக் காட்டிக்கொடுக்கும். பொருளின் உடலிலேயே அடையாளத்தைப் பதிக்கும் நுட்பம் அன்றே முழுமை பெற்றிருந்தது. ஆயினும், அந்நூலைக் காண ஒருவர் கயிற்றின் வெட்டுமுனையை உற்று நோக்கவேண்டும். சோதிப்பவர் இல்லாத வாயில் வழியே குறியிட்ட பொருளும் குறியில்லாத பொருளும் ஒன்றுபோலவே வெளியேறும்.

கண்ணின் எல்லையைக் கடக்கும் வழியை இருபதாம் நூற்றாண்டு கண்டது. 1935ஆம் ஆண்டு பெப்ரவரி 26ஆம் நாள் இங்கிலாந்தின் டவென்றி நகருக்கு அண்மையில், வானொலி அலைகள் விமானத்தில் பட்டுத் தெறித்துத் திரும்புவதை றொபேட் வாட்சன் வாட் செய்துகாட்டினார். இதிலிருந்து வளர்ந்ததே ரேடார். செக்கனுக்கு ஏறத்தாழ 1,86,000 மைல் விரையும் அலை, தொண்ணூறு மைலுக்கு அப்பாலுள்ள பொருளைத் தொட்டு மீளச் செக்கனின் ஆயிரத்திலொரு பங்கே செல்லும். அந்நேரத்தை அளப்பதால் தூரம் தெரியும். ஆனால் இடத்தேர்வு இங்கேயும் ஒழியவில்லை. அயலிலுள்ள மலைகள் தம் எதிரொலியால் கருவியின் திரையை மறைக்கும். மலைக்குப் பின்னால் அலை எட்டாத நிழல் விழும். ரேடாரும் உயரத்தையும் திறந்த வெளியையும் வேண்டி நின்றது.

இக்கருவி ஈழத்தில் சோதனைக்கு உள்ளான காலம் 1942ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம். சிங்கப்பூர் பெப்ரவரியில் வீழ்ந்த பின்னர், நகுமோ தலைமையில் ஐந்து விமானந்தாங்கிக் கப்பல்களைக் கொண்ட யப்பானியக் கடற்படை இந்து சமுத்திரத்துட் புகுந்தது. ஏப்ரல் 4ஆம் நாள் கனடிய விமானியான லெனாட் பேர்ச்சல் ஈழத்துக்குத் தெற்கே அதனைக் கண்டு செய்தி அனுப்பினார். அனுப்பியவரின் விமானம் சுட்டு வீழ்த்தப்பட, அவர் சிறைப்பட்டார். எனினும் மறுநாளாகிய உயிர்த்த ஞாயிறன்று கொழும்பு எதிர்பாராத தாக்குதலுக்கே உள்ளாயிற்று. கொழும்பிலே ரேடார் நிலையம் ஒன்று இருந்தும் அதிலிருந்து எச்சரிக்கை வரவில்லை. அதன் காரணம் பற்றி வரலாற்றாசிரியர் கருத்து வேறுபடுவர். இரத்மலானையில் நின்ற போர்விமானங்கள், பகைவர் தலைக்கு மேலே வந்தபின்னரே எழநேர்ந்தது.

அன்று காலை திருகோணமலைக்கு அண்மையிலுள்ள சீனக்குடா விமானத்தளத்திலிருந்து ஆறு சுவோட்பிஷ் விமானங்கள் கொழும்பை நோக்கிப் பறந்துகொண்டிருந்தன. அவை வேகங்குறைந்த பழைய இரட்டை இறக்கை விமானங்கள். கொழும்பை அணுகும் வேளையில் யப்பானியப் போர்விமானங்களிடையே அகப்பட்டு ஆறும் வீழ்ந்தன. எதிரே வந்தவற்றை அவற்றிற் சென்றோர் தம்மவர் விமானங்கள் என எண்ணினர் என்று அந்நிகழ்ச்சியை எழுதியோர் கூறுவர். வருவது யாரென அறியாமையின் கொடுமை இதுவாகும்.

நான்கு நாள்களின் பின், ஏப்ரல் 9ஆம் நாள், திருகோணமலையின் முறை வந்தது. இங்கே எலிசபெத் முனையில் இருந்த 272ஆம் ரேடார் நிலையம் தன் கடமையைச் செய்தது. காலை ஏழு மணி கழிந்த சிறிது நேரத்தில், ஏறத்தாழத் தொண்ணூறு மைல் தொலைவிலேயே விமானக் கூட்டத்தை அது கண்டறிந்தது. பதினேழு ஹரிக்கேன் விமானங்களும் ஆறு புல்மார் விமானங்களும் வானில் எழுந்தன. ஏறத்தாழ நூற்றுமுப்பது விமானங்களை எதிர்த்து அவை பொருதன. எட்டு ஹரிக்கேன்களும் மூன்று புல்மார்களும் வீழ்ந்தன. துறைமுகமும் சீனக்குடாவும் பெருஞ் சேதமடைந்தன. சகாயிங் என்னும் சரக்குக் கப்பல் தீப்பற்றியது. எச்சரிக்கை பகைவரைத் தடுத்துவிடவில்லை. ஆயினும் கொழும்பைப்போல் இங்கே போர்விமானங்கள் பகைவர் தலைக்கு மேலே வந்தபின்னர் எழநேரவில்லை. முந்திய இரவே துறைமுகத்திலிருந்த கப்பல்கள் பல வெளியேற்றப்பட்டிருந்தமையும் அழிவைக் குறைத்தது.

அங்ஙனம் வெளியேறிய கப்பல்களுள் ஒன்று ஹேர்மிஸ். விமானந்தாங்கிக் கப்பலாயினும் அன்று அதில் விமானம் ஒன்றேனும் இல்லை. மட்டக்களப்புக் கடலிலே யப்பானிய வேவு விமானம் ஒன்று அதனைக் கண்டது. வேவு விமானம் அனுப்பிய செய்தியைப் பிரித்தானியரும் இடைமறித்துக் கேட்டனர். கப்பல் திருகோணமலைக்கு மீளுமாறு பணிக்கப்பட்டது. காவல் விமானங்களும் வேண்டப்பட்டன. குண்டுவீச்சினால் குலைந்திருந்த தளங்களிலிருந்து உதவி உரிய நேரத்தில் சேரவில்லை. வந்த விமானங்கள் வருமுன்னர் ஹேர்மிஸ் மூழ்கிவிட்டது. கப்பற்றலைவர் ஒன்ஸ்லோ உட்பட 307 பேர் மாண்டனர். துணைசென்ற வம்பயர் என்னும் அவுஸ்திரேலியப் போர்க்கப்பலும் அதனோடு மூழ்கியது. நீரில் தத்தளித்தோரை வீற்றா என்னும் வைத்தியக் கப்பல் மீட்டது. பகைவர் கண்டதும் தெரியும். கப்பல் நிற்கும் இடமும் தெரியும். ஆயினும் அறிவு செயலாக மாறவேண்டிய வழி அறுந்திருந்தது. முதலிரு வினாக்களுக்கு விடை கிடைத்தும் மூன்றாம் வினா விடையின்றி நின்றதன் விளைவு அது.

ரேடாரின் திரையில் நண்பரும் பகைவரும் ஒரே ஒளிப்புள்ளியாகவே தோன்றுவர் என்னும் குறையைப் பிரித்தானியர் முன்னரே உணர்ந்திருந்தனர். 1939ஆம் ஆண்டு செப்டம்பர் 6ஆம் நாள், போர் தொடங்கிய சில நாள்களில், இங்கிலாந்தின் கிழக்கு வானிலே பிரித்தானிய விமானங்கள் தம்மவரையே பகைவரெனக் கருதி இரண்டை வீழ்த்தின; ஓர் இளம் விமானி உயிரிழந்தார். இத்தகைய பிழையை ஒழிக்கவே விமானங்களில் மறுமொழிக் கருவி பொருத்தப்பட்டது. ரேடார் அலை வந்து தீண்டியதும் அக்கருவி விழித்து, குறிப்பிட்ட முறையில் ஒரு மறுமொழி அனுப்பும். மறுமொழி தருவது தம்முடையது, தராதது ஆராயவேண்டியது. கேள்வி கேட்கும் அலை, விடைகூறும் கருவி என்னும் இந்த இரட்டையே இன்றைய வானொலி அடையாளச் சீட்டின் முன்னோடியாகும்.

போர் முடிந்த பின்னர், 1948இல் ஹரி ஸ்ரொக்மன் என்னும் அறிஞர், தெறிக்கும் அலையைக்கொண்டே செய்தி தெரிவிக்கலாம் என ஓர் ஆராய்ச்சிக் கட்டுரை வெளியிட்டார். விடைகூறும் பொருள் தானாக அலை எழுப்பவேண்டியதில்லை. வந்த அலையைத் தெறிக்கும் முறையை மாற்றினாற் போதும் என்பது அதன் கருத்து. 1973இல் மரியோ கார்டுலோ என்பார் நினைவகம் கொண்ட மறுமொழிக் கருவிக்குக் காப்புரிமை பெற்றார். அவ்வாண்டிலேயே சாள்ஸ் வோல்ட்டன், திறப்பின்றிக் கதவைத் திறக்கும் மின்னணு அட்டைக்குக் காப்புரிமை பெற்றார். வானத்தைக் காத்த கருவி இவ்வாறு கட்டடத்தின் கதவுக்கு வந்து சேர்ந்தது.

இன்றைய சீட்டுகளுட் பல மின்கலம் அற்றவை. ஒரு நுண்சில்லும் மெல்லிய உலோகச் சுருளுமே அவற்றின் உறுப்புகள். வாசிப்புக் கருவியின் அலையிலிருந்தே அவை உயிர்ப்புப் பெறுகின்றன. 13.56 மெகாஹெர்ட்ஸ் மீடிறனில் இயங்குவன ஏறத்தாழ ஒரு மீற்றருக்குட்பட்ட அண்மையிலேயே படிக்கப்படுவன. நூலகப் புத்தகங்களுக்கும் கதவட்டைகளுக்கும் இவ்வகை ஏற்றது. 860 முதல் 960 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள மீடிறனில் இயங்குவன பல மீற்றர் தொலைவிலும் விடை கூறுவன. பண்டசாலைகளுக்கு இவை பொருந்தும். இத்தொலைவகை ரேடாரின் விதிக்கே கட்டுப்பட்டது. தூரம் இருமடங்கானால், திரும்பிவரும் அலையின் வலிமை பதினாறில் ஒன்றாகக் குறைந்துவிடும். ஆதலின் கருவியின் ஆற்றலைப் பெருக்குவதினும் அதன் இடத்தைத் திருத்துவதே பயன்தரும்.

திருகோணமலையிலுள்ள ஒரு கல்லூரி இத்தகைய காவலை மேற்கொள்வதாகக் கொண்டால், அதன் அதிபர் முதலில் வாங்கவேண்டியது கருவியன்று, கட்டடத்தின் வரைபடமே. நெடுஞ்சுவர் முழுவதும் கருவிகளை நிரைப்பது வீண். பொருள்கள் கட்டாயமாகக் கடந்துசெல்லும் ஒடுங்கிய இடங்களே காவலுக்கு உரியவை: நூலக வாயில், ஆய்வுகூடக் களஞ்சியத்தின் கதவு, வாகனங்கள் செல்லும் படலை. பின்கதவு ஒன்று திறந்திருக்க முன்வாயிலிற் பொருத்திய கருவி, கொழும்பின் ரேடாரைப்போல் இருந்தும் இல்லாததே.

வாயிலின் உட்புறம் ஒன்றும் வெளிப்புறம் ஒன்றுமாக இரண்டு ஏரியல்களை அமைத்தால், எது முன்னர்ப் படித்தது என்பதைக்கொண்டு பொருள் உள்ளே வந்ததா, வெளியே சென்றதா எனத் துணியலாம். ஒல்லாந்தரின் இரு கோட்டைகளும் கற்பித்த பாடம் இதுவே. சீட்டு ஏரியலுக்கு விளிம்பைக் காட்டி நின்றால் விடை தளரும்; எனவே ஒன்றையொன்று நோக்குமாறு இருபுறமும் ஏரியல் வைப்பது நன்று. இரும்பு அலுமாரி தொலைவகை அலையைத் தெறிக்கும். நீர் நிறைந்த கலன் அதனை விழுங்கும். உலோகப் பொருள்மீது நேரே ஒட்டிய சாதாரணச் சீட்டு ஊமையாகிவிடும். அதற்கென இடைவெளி வைத்துச் செய்த சீட்டே வேண்டும். சுவரில் தெறித்த அலைகள் ஒன்றையொன்று அழிக்கும் இடங்களும் உண்டு. கருவியைச் சில அங்குலம் நகர்த்திய அளவில் அவ்விடம் மாறும். இவற்றை ஏட்டில் மட்டும் கணித்தல் இயலாது. சீட்டொட்டிய பொருளைக் கையிலேந்தி, மக்கள் நடக்கும் வழிகளிலெல்லாம் நடந்து பார்த்தே இடத்தை முடிவுசெய்தல் வேண்டும். கடலோர நகரமாதலின் உப்புக்காற்று இணைப்புகளை அரிக்கும். வெளியே வைக்கும் கருவிக்கு இறுக மூடிய உறையும் காலந்தோறும் பராமரிப்பும் இன்றியமையாதன.

மிகைப்பதும் குறையே. களஞ்சியக் கருவியின் அலை அடுத்த அறைவரை பரந்தால், தட்டில் அசையாதிருக்கும் நுணுக்குக்காட்டியும் வாயிலைக் கடந்ததாகப் பதிவாகும். பொய்யெச்சரிக்கை பலமுறை ஒலித்தால், காவலர் மணியை நிறுத்திவிடுவர். பின்னர் மெய்யெச்சரிக்கை வரினும் கேட்பவர் இரார். எனவே எதுவரை படிக்கவேண்டும் என்பதோடு எதனைப் படிக்கக்கூடாது என்பதையும் வரையறுத்தல் வேண்டும். படித்த செய்தி எவரிடம் செல்லும், அவர் இல்லாதபோது எவர் செயற்படுவார், மின்சாரம் நின்றால் யாது செய்வது என்பன முன்னரே துணியப்படல் வேண்டும். கணனியில் உறங்கும் பதிவு, ஹேர்மிஸ் கப்பலுக்கு உதவாத செய்தியை ஒத்தது.

எதற்குச் சீட்டு ஒட்டுவது என்பதும் சிந்திக்கத்தக்கது. பிரித்தானியர் சீனக்குடாவில் அமைத்த எண்ணெய்த் தொட்டிகளுள் தொண்ணூற்றொன்பது எஞ்சியுள்ளன. அவற்றை எவரும் தூக்கிச்செல்லார். 1957ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் பிரித்தானியர் இத்தளத்தை இலங்கை அரசிடம் ஒப்படைத்தபோதும் பெருங் கட்டடங்கள் நிலைத்தே நின்றன. எங்கும் தொலைவன கைக்கு அடங்குவனவே. பதிப்பில் இல்லாத ஒரு நூல், ஆய்வுகூடத்தின் ஒரே தராசு, பழைய ஆண்டுமலரின் எஞ்சிய பிரதி ஆகியன விலையால் சிறியன, இழப்பால் பெரியன.

இறுதியாக, பொருளுக்கும் மனிதருக்கும் உள்ள வேற்றுமை மறக்கத்தக்கதன்று. 1983 முதல் 2009 வரை நிகழ்ந்த போர்க்காலத்திலே, சோதனைச் சாவடிகளில் அடையாள அட்டையை நீட்டியவாறு வரிசையில் நின்ற அனுபவம் இந்நகரத்தார் பலருக்கும் உண்டு. அட்டை இல்லாதவர் தாம் யாரென்பதையே நிறுவவேண்டியவர் ஆயினர். இயந்திரம் படிப்பது அட்டையை. அதனை ஏந்தியவரை அன்று. ஒருவரின் அட்டையோடு வேறொருவர் நுழையலாம். அட்டையை வீட்டில் மறந்த மாணவர் வாயிலில் அயலவராகலாம். ஆகவே பொருளின் வழியைக் காக்க வைத்த கருவி மனிதரின் ஒவ்வோர் அடியையும் எண்ணும் கருவியாக மாறாதிருக்க, அதனை எங்கே வைக்கக்கூடாது என்பதையும் கல்லூரி தீர்மானித்தல் வேண்டும். புத்தகம் வெளியேறும் வாயிலில் அது தகும். மாணவர் தனித்திருந்து படிக்கும் மேசையருகே தகாது.

கோணேசர் மலையிலிருந்து கடலை நோக்கிய காவலருக்கும் கதவோரம் பொருத்திய சிறு பெட்டிக்கும் இடையே நான்கு நூற்றாண்டுகள் கடந்துள்ளன. கருவிகள் மாறின, நோக்கும் இடம், அடையாளம், செய்தி என்னும் மூன்றும் மாறவில்லை. இவற்றுள் ஒன்று பிழைப்பினும் மற்றிரண்டும் பயனிழக்கும் என்பதற்கு மட்டக்களப்புக் கடலின் அடியிற் கிடக்கும் ஹேர்மிஸ் இன்றும் சான்றாக உள்ளது.